பில் இல்லாமல் டிரைக்கோடெர்மா வாங்காதீர்கள்

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் பாலிஹவுஸ் விவசாயிகளிடம் ஒரே புலம்பல்தான். "உயிர் மருந்து போட்டும் வாடல் நிற்கவில்லை." பாக்கெட் எங்கே? குப்பையில். பில்? கடைக்காரர் தெரிந்தவர், கேட்கவில்லை. அப்புறம் யார்மேல் புகார் கொடுப்பது?

குடைமிளகாயும் வெள்ளரியும் ஒரே பாத்தியில் ஓய்வின்றி நடப்படுவதால் பியூசேரியம், பித்தியம் போன்ற பூஞ்சைகள் மண்ணில் பெருகுகின்றன. டிரைக்கோடெர்மா என்ற உயிர் மருந்து அவற்றைத் தாக்கி உண்ணும். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வேரோரம் குடியேறித் தடுக்கும். செடி வாடியபின் ஊற்றிப் பயனில்லை. நடவுக்கு முன்பே மண்ணில் சேர வேண்டும். வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை ஹெக்டேருக்கு 2.5 கிலோ டிரைக்கோடெர்மா, 50 கிலோ மக்கிய தொழு உரத்துடன். 1,000 சதுர மீட்டர் பாலிஹவுஸுக்குக் கால் கிலோவும் 5 கிலோ எருவும். விதை நேர்த்திக்குக் கிலோவுக்கு 4 கிராம்.

டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சைதான். அதைப் போட்ட பாத்தியில் கார்பன்டாசிம் ஊற்றினால் காசு கொடுத்து வாங்கியதை நாமே கொல்கிறோம். பதினைந்து நாளாவது இடைவெளி விடுங்கள். வெயில் படும் ஷெட்டில் பாக்கெட்டை வைக்காதீர்கள்.

பணம் கொடுக்குமுன் லேபிளைப் படியுங்கள். இந்த உயிர் மருந்துகள் பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-இன் கீழ் பதிவு பெற வேண்டியவை. பதிவு எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி இருக்க வேண்டும். உயிரணு எண்ணிக்கை கிராமுக்கு டிரைக்கோடெர்மாவில் குறைந்தது 20 லட்சம், சூடோமோனாஸில் 10 கோடி. 'மண்வளமூட்டி' என்று மட்டும் அச்சிட்டுவிட்டு நோய் தீரும் என்று வாயால் சொல்லி விற்றால் அந்தக் கடையைவிட்டு வெளியே வாருங்கள். பில் கொடுப்பது கடைக்காரரின் சட்டக் கடமை. பேட்ச் எண்ணையும் அதில் எழுதச் சொல்லுங்கள்.

சந்தேகம் வந்தால் கடையில் சண்டை போடாதீர்கள். பாலிஹவுஸுக்கு மானியம் தந்தது தோட்டக்கலைத் துறை என்று அங்கே போய் நிற்பவர்களே அதிகம். மருந்தின் தரத்தைப் பார்ப்பது வேளாண்மைத் துறை. மாவட்ட வேளாண்மை இணை இயக்குநர் அலுவலகத்தில் தரக்கட்டுப்பாட்டு உதவி இயக்குநரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். பில் நகலையும் லேபிள் புகைப்படத்தையும் இணைத்து, 'இதே பேட்ச் சரக்கில் மாதிரி எடுக்க வேண்டும்' என்று தெளிவாகக் கேளுங்கள். நீங்கள் பிரித்த பாக்கெட்டைக் கலப்படம் என்று எளிதில் மறுத்துவிடுவார்கள். பூச்சி மருந்து ஆய்வாளர் கடையில் எடுக்கும் மாதிரியை மூன்றாகப் பிரித்து முத்திரையிட்டு, ஒரு பங்கை ஆய்வகத்துக்கு அனுப்புவார். "மனுவை வைத்துவிட்டுப் போங்கள்" என்பார்கள். போகாதீர்கள். தேதியும் முத்திரையும் இட்ட ஒப்புகைச் சீட்டு கையில் வரும்வரை நில்லுங்கள். அது இல்லாத மனு மேசையிலேயே செத்துப்போகும்.

நஷ்ட ஈட்டுக்குத் தனி வழி. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு செய்யலாம். மருந்துக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வாடிய செடிகளைப் பிடுங்கி எறியுமுன் தேதி தெரியப் படம் எடுங்கள், தோட்டக்கலை அலுவலரை வரவழைத்துப் பயிர்ச் சேத அறிக்கை எழுதி வாங்குங்கள். ஆணையத்திலும் முதலில் கேட்கப்போவது பில்லைத்தான்.