வாக்குரிமை பறிபோன கதை சொல்லும் லயம்

கம்பளையை அடுத்த பரதெக்கவில், பீகொக் தோட்டத்தின் பழைய லயம் ஒன்று இன்று தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையாக நிற்கிறது. கண்டியில் இயங்கும் சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் இதை அமைத்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவும் அதன் முன்னால் ஓர் இஸ்தோப்பும் என்பதே லயத்து வீட்டின் பழைய அளவு. ஒரு குடும்பமே அதற்குள் சமைத்து, உறங்கி, பிள்ளை பெற்று வளர்த்தது. தொழிற்கருவிகளும் சமையல் பாத்திரங்களும் தப்பும் பழைய ஆவணங்களும் இங்கே சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. லுணுகலையிலிருந்து போகிறவருக்குக் கொழுந்துக் கூடையையோ கவ்வாத்துக் கத்தியையோ யாரும் விளக்க வேண்டியதில்லை. விளக்கம் தேவைப்படுவது காகிதங்களுக்குத்தான்.

தோட்டத்து மனிதரின் வாழ்வைக் காகிதமே ஆண்டது. அவற்றில் கொடியது ‘துண்டு’. தொழிலாளி பட்ட கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டு அது. அந்தக் கடனைக் கட்டுகிற தோட்டம் ஆளைப் பெற்றுக்கொள்ளும். 1921இல் அந்த முறை சட்டத்தால் ஒழிந்தது. பத்தாண்டு கழித்து, 1931இல், டொனமூர் யாப்பு இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமையைத் தந்தது. நிபந்தனைகளோடுதான் என்றாலும் தோட்டத் தொழிலாளியின் கைக்கும் வாக்குச் சீட்டு வந்து சேர்ந்தது.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் 7 பேர் பாராளுமன்றம் சென்றனர். நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமானும் தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளையும் வென்றது அப்போதுதான். வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரி வேட்பாளர்களுக்குக் கைகொடுத்தன. ஆட்சிக்கு வந்த டி.எஸ். சேனாநாயக்கவின் கட்சி இதைக் கண்டு அஞ்சியது. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவரிடமே தகப்பனும் இங்கேதான் பிறந்தார் என்றோ, பாட்டனும் முப்பாட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ சான்று கேட்டது. பதிவேடுகளே சரியாக இல்லாத தோட்டங்களில் முப்பாட்டனின் பிறப்புக்குச் சான்று எங்கிருந்து வரும்? ஏறக்குறைய 7 இலட்சம் பேர் நாடற்றவராயினர். 1949இன் தேர்தல் திருத்தச் சட்டம் அவர்களது வாக்கையும் எடுத்துக்கொண்டது. மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த அடுத்த மலையகத் தமிழ் உறுப்பினரைப் பாராளுமன்றம் 1977இல்தான் கண்டது.

பலரும் கவனிக்காத இன்னோர் அநியாயமும் இதில் உண்டு. சோல்பரி யாப்பு தொகுதிகளைப் பிரித்தபோது 75,000 பேருக்கு ஒன்று, 1,000 சதுர மைல் பரப்புக்கு ஒன்று எனக் கணக்கிட்டது. அந்த 75,000 பேரில் பிரஜையும் அடக்கம், நாடற்றவரும் அடக்கம். ஊவாவுக்கும் மத்திய மாகாணத்துக்கும் ஆசனங்கள் ஒதுக்கும்போது தோட்டத்துத் தலைகளும் எண்ணப்பட்டன; அந்த ஆசனங்களை யார் வெல்வது என்று தீர்மானிக்கும்போது அவர்களுக்கு வாக்கில்லை. மலைநாட்டில் பெரும்பான்மையினத்தின் வாக்குக்கு இருந்ததைவிட அதிகப் பெறுமதி வந்தது. அந்த வாக்கை வெல்ல இரண்டு பெரிய கட்சிகளும் போட்டியிட்டன. இனவாதம் இலாபம் தரும் அரசியலாக மாறியதற்கு இதுவும் முக்கிய காரணம். 1956இல் வந்த தனிச் சிங்களச் சட்டம் அந்தப் போட்டியின் விளைச்சல்.

சபையின் கைகளாலேயே ஜனநாயகம் முறிந்த கதை உலகில் வேறிடத்திலும் உண்டு. ஜெர்மனியின் வைமார் நகரில் 1919இல் குடியரசு யாப்பை நிறைவேற்றிய அரங்குக்கு எதிரே, 2019இல் வைமார் குடியரசு இல்லம் திறக்கப்பட்டது. 1928இல் 2.6 சதவீத வாக்கே பெற்ற நாஜிக் கட்சி, 1932 ஜூலையில் 37.3 சதவீதம் பெற்றது. மறு ஆண்டு மார்ச்சில் ஹிட்லருக்குச் சர்வ அதிகாரம் வழங்கிய சட்டத்துக்கு ஆதரவாக 444 வாக்குகளும் எதிராக 94 வாக்குகளும் விழுந்தன. ஜெர்மனியில் நடந்ததன் அளவு வேறு, கொடூரம் வேறு. ஆனால் சட்டத்தின் பெயரால் ஒரு கூட்டத்தை வெளியே தள்ளும் வழி இலங்கைக்கும் தெரிந்திருந்தது.

வெளியே தள்ளப்பட்டவரைக் காக்க அரசுக்கு அவசரம் இருக்கவில்லை. 1977இலும் 1981இலும் தோட்டங்கள் தாக்கப்பட்டன. 1982 டிசம்பரில் நடந்த சர்வசன வாக்கெடுப்பு, பொதுத் தேர்தல் இல்லாமலே பாராளுமன்றத்தின் ஆயுளை மேலும் ஆறாண்டு நீட்டியது. ஏழு மாதத்தில் கறுப்பு ஜூலை வந்தது. 1983 ஜூலை 27ஆம் திகதி பதுளை கடைவீதியில் தமிழர் கடைகள் எரிந்தன. தீ வீடுகளுக்குப் பரவியது. கூட்டம் ஹாலி-எல, வெலிமடை, பண்டாரவளை என்று வாகனங்களில் போனது. இரவாகும்போது வன்முறை லுணுகலையையும் எட்டிவிட்டது.

பறித்த உரிமை துண்டு துண்டாகத்தான் திரும்பியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கில் எடுத்து, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டன. அண்ணன் அக்கரையிலும் தம்பி இக்கரையிலுமாகக் குடும்பங்கள் சிதறின. எஞ்சியோருக்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.

பசறை, மடுல்சீமை, லுணுகலைப் பக்கத்து வீடுகளில் தாத்தாவின் பிரஜாவுரிமைக் கடுதாசியோ பழைய கடவுச்சீட்டோ இன்னும் டிரங்குப் பெட்டியில் கிடக்கலாம். வீடு மாறும்போது அவற்றை அடுப்பில் போடாதீர்கள். ஒரு பிரதி எடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மூலத்தைப் பத்திரமாக வையுங்கள்.