மேட்டு மண்ணும் மெய்ச்சான்றும்

ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவை விட்டு உரிகம் வழியாக மாரிக்குப்பம் நோக்கிச் செல்வோர் கண்ணில் தவறாமல் படுவன சாம்பல் நிறங்கொண்ட நெடிய மேடுகள். உச்சி தட்டையாய், சரிவெல்லாம் மழைநீர் அரித்த வரிகளாய் அவை நிற்கின்றன. ஊரார் அவற்றைச் 'சயனைடு மேடு' என்பர். காற்றுக் காலத்தில் அம்மேட்டின் நுண்துகள் வீட்டு முற்றங்களிலும் கொடியில் காயும் துணிகளிலும் வந்து படியும். கோலார் தங்கவயலின் ஆழத்திலிருந்து வெட்டிய பாறையை மாவாக அரைத்து, பொன்னைப் பிரித்தெடுத்தபின் கழித்த மண் அது. 13 மேடுகளில் ஏறத்தாழ 3.3 கோடி டன் மண் குவிந்துள்ளது என்பது கணக்கு. டன் ஒன்றுக்கு முக்கால் கிராமுக்கும் சற்றுக் குறைவான பொன் அதில் இன்னும் தங்கியுள்ளது என்பது மதிப்பீடு.

டன்னுக்கு 0.7 கிராம் எனக் கொண்டு பெருக்கினால் மேடுகளில் உறங்கும் பொன் 23 டன். அளந்தவர் சற்றே பிழைத்தார், உண்மை அளவு 0.6 கிராம்தான் என்று வைத்துக்கொள்வோம். உடனே 3.3 டன் பொன் மறைந்துவிடும். ஒரு கிராமின் பத்தில் ஒரு பங்கு பிழை 3,300 கிலோ பொன்னாக வளர்ந்து நிற்கும். அவ்விழப்பு விற்றவர் தலையில் விழுமா, வாங்கியவர் தலையில் விழுமா என்று கேட்ட நொடியிலேயே வணிக வழக்கு பிறந்துவிடுகிறது. அவ்வழக்கை நடத்துவோர் வணிக வழக்குரைஞர். சட்டநூல் கற்றவர் என்றே உலகம் அவரை அறியும். ஆனால் அவர் தொழிலின் பாதி அளவையியல்.

கரைசலும் காப்புரிமையும்

பொன் எளிதில் எதனோடும் கூடாத உலோகம். காற்றும் நீரும் அதைத் தீண்டா. ஆயினும் சயனைடு கலந்த நீரில், காற்றிலுள்ள உயிர்வளியின் துணையோடு, அது மெல்லக் கரைகிறது. நான்கு பொன் அணுக்களை எட்டுச் சயனைடு அயனிகள் பற்றிக்கொள்ள, ஓர் உயிர்வளி மூலக்கூறும் இரண்டு நீர் மூலக்கூறுகளும் அவ்வினைக்குத் துணை நிற்கின்றன. கரைந்த பொன்னைத் துத்தநாகத் துருவல்மேல் செலுத்தினால் துத்தநாகம் கரைந்து, பொன் கரும்பொடியாய்ப் படிகிறது. இவ்வினையில் உயிர்வளி இன்றியமையாதது என்பதை எல்சுனர் என்னும் செருமானிய வேதியியலார் 1846இல் எடுத்துரைத்தார். அதற்கும் முன்பே, 1840இல், எல்கிங்டன் குடும்பத்தார் பொன்முலாம் பூசச் சயனைடுக் கரைசலைக் கையாண்டு காப்புரிமை பெற்றிருந்தனர்.

இவ்வறிவைச் சுரங்கத் தொழிலாக்கியவர்கள் கிளாசுகோ நகரத்தார். ஜான் சுடுவர்ட் மெக்காதர் என்னும் வேதியியலாரும், இராபர்ட், வில்லியம் பாரஸ்ட் என்னும் மருத்துவ உடன்பிறப்பினரும் 1887இல் தங்கள் முறைக்கு ஆங்கிலக் காப்புரிமை பெற்றனர். செறிந்த கரைசல் பாறையிலுள்ள பிற உலோகங்களையும் தின்று வீணாகும். நீர்த்த கரைசலோ பொன்னையும் வெள்ளியையும் விரும்பிப் பற்றும். இதுவே அவர்கள் கண்டதன் உயிர்நிலை. பாதரசப் பலகையில் ஒட்டாமல் தப்பிய பொன்னை மீட்க இம்முறை உலகெங்கும் பரவியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தங்கவயலும் அதனைக் கைக்கொண்டது.

பொன் வந்த வழியே வழக்கும் வந்தது. காப்புரிமையைக் கையில் வைத்திருந்த காசெல் நிறுவனம், தன் இசைவின்றி இம்முறையைப் பயன்படுத்திய போட்டி நிறுவனத்தின்மேல் இலண்டனில் வழக்குத் தொடுத்தது. 1894இல் முதல் மன்றத்திலும் 1895இல் மேல்முறையீட்டு மன்றத்திலும் அது தோற்றது. பொன் சயனைடில் கரையும் என்பது முன்பே அறியப்பட்ட உண்மை. புதுமை நீர்த்த கரைசலில் இருந்தது. ஆனால் உரிமை கோரிய வாசகமோ அந்த வரம்பைக் கட்டாமல் அகன்று கிடந்தது. மறு ஆண்டு, 1896இல், டிரான்சுவால் நாட்டு நீதிமன்றமும் அங்கிருந்த காப்புரிமைகளை நீக்கியது. நியூசிலாந்து அரசு வேறு வழி கண்டது. 1897இல் 10,000 பவுண்டு கொடுத்து உரிமையை விலைக்கே வாங்கிக்கொண்டது.

வேதியியலார் தம் ஆய்வுக்கூடத்தில் பிழை செய்யவில்லை. கண்டதைச் சொல்லில் வரம்பிட்டுக் கட்டுவதில்தான் நழுவினர். கரைசலின் செறிவு ஓர் எண். அவ்வெண் ஆவணத்தில் உரிய இடத்தில் ஏறாமையால் கண்டங்கள் பலவற்றில் பரவியிருந்த ஒரு தனியுரிமை சரிந்தது. வணிக வழக்குரைஞர்க்கு இவ்வரலாறு ஒரு பாடநூல்.

கூறெடுத்தல்

மேட்டு மண்ணில் எவ்வளவு பொன் உண்டு என்று அறிய மேடு முழுவதையும் உருக்கிப் பார்க்க இயலாது. துளையிட்டுச் சில கூறுகளை எடுத்து, அவற்றைக் கொண்டு முழுமையை மதிக்க வேண்டும். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையலுக்குப் பொருந்தும். பொன்னுக்குப் பொருந்தாது. பொன் பாறையில் சீராகப் பரவுவதில்லை. ஒரு கூறில் ஒரு மணி கூடுதலாக விழுந்தாலும் மதிப்பீடு இரட்டிக்கும்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனைக்கு எடுக்கும் மண் ஏறத்தாழ 30 கிராம். டன்னுக்கு 0.7 கிராம் பொன் என்றால் அந்த 30 கிராமில் உள்ள பொன் 21 மைக்ரோகிராம். அது ஒரே மணியாகத் திரண்டால் அதன் விட்டம் மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அம்மணி கரண்டியில் ஏறியதா, நழுவியதா என்பதில் கோடிகள் ஊசலாடும். கழிவு மண் மாவாக அரைபட்டதாதலின் இத்தொல்லை அதில் குறைவு. எனினும் வேறொரு தொல்லை உண்டு. மேடு ஒரே நாளில் எழுந்ததன்று. ஆலையின் திறன் ஆண்டுதோறும் மாறியது. மாறமாற அடுக்குக்கு அடுக்குப் பொன்னின் அளவும் மாறும். ஓரத்தில் மட்டும் தோண்டியவர் மேட்டின் கதையில் ஒரு பக்கத்தையே படித்தவராவார்.

கூறெடுத்தலை ஒரு தனி அறிவியலாகவே 1950களிலிருந்து வளர்த்தவர் பிரான்சு நாட்டுப் பியேர் கீ. அதே காலத்தில் தென்னாப்பிரிக்கப் பொற்சுரங்கங்களின் துளைக் கணக்குகளிலிருந்து புதியதொரு புள்ளியியல் முறைக்கு வித்திட்டவர் டேனி கிரீகு. அம்முறை இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

உலையில் ஒரு சோதனை

எடுத்த கூறை என்ன செய்வர்? காயவைத்து, மேலும் அரைத்து, மிருதார்சிங்கி என்று நம் மருத்துவ நூல்கள் வழங்கும் காரீய ஆக்சைடு, வெண்காரம், சோடா உப்பு, சிறிது மாவு ஆகியவற்றோடு கலந்து மண் குகை என்னும் உருக்குக் கலத்திலிட்டு உலையில் வைப்பர். மாவின் கரி காரீய ஆக்சைடைக் காரீயமாக்கும். உருகிய காரீயம் துளித்துளியாய் அடியில் இறங்கும்போது வழியிலுள்ள பொன்னையும் வெள்ளியையும் வாரிக்கொண்டு போகும். மணலும் பாறைப்பொருளும் கண்ணாடிபோல் மேலே மிதக்கும். ஆறியபின் குகையை உடைத்தால் அடியில் காரீயப் பொத்தான் ஒன்று கிடைக்கும்.

அதனை எலும்புச் சாம்பலால் செய்த சிறு கிண்ணத்தில் வைத்து மீண்டும் உலைக்கு அனுப்புவர். காரீயம் ஆக்சைடாகிச் சாம்பலுக்குள் ஊறிவிடும். இறுதியில் ஒளிரும் மணி ஒன்று மட்டும் எஞ்சும். பொன்னின் அளவு மிக நுண்ணியதாயின் அதனைச் சிதறாமல் திரட்டுதற்கு முன்கூட்டியே சிறிது வெள்ளி சேர்ப்பர். அம்மணியை நைட்ரிக் அமிலத்தில் இட்டால் வெள்ளி கரைந்து பொன் தனித்து நிற்கும். எடை பார்க்கும் தராசுக்குக் கண்ணாடிக் கூண்டு வேண்டும். பார்ப்பவரின் மூச்சே முள்ளை அசைத்துவிடும்.

வணிக ஒப்பந்தம் எழுதுவோர் இச்சோதனையின் எல்லையை அறிந்தே வாசகம் அமைப்பர். ஒரே கூறை மூன்றாகப் பகிர்ந்து முத்திரையிடுவர். ஒன்று விற்பவர்க்கு, ஒன்று வாங்குபவர்க்கு, ஒன்று நடுவர் ஆய்வுக்கூடத்திற்கு. முதல் இருவர் கண்ட எண்கள் ஒப்பந்தத்தில் குறித்த வேறுபாட்டுக்குள் அடங்கினால் சராசரி கொள்வர். மிஞ்சினால் மூன்றாம் பொட்டலத்தின் முத்திரை உடையும். நன்கு எழுதிய ஒப்பந்தத்தில் வழக்கின் பெரும்பகுதி இங்கேயே தீர்ந்துவிடும். அவ்வாறு எழுதுவதும் வணிக வழக்குரைஞரின் பணியே.

மன்றத்தின் முன்

ஒப்பந்தம் தவறிய இடத்தில் மன்றம் தொடங்குகிறது. இந்திய வணிக நீதிமன்றச் சட்டம் 2015இல் பிறந்தது. இயற்கை வளங்களை எடுத்துப் பயன்கொள்வது தொடர்பான பிணக்கும் அச்சட்டத்தின் வரம்புக்குள் வரும். தொடக்கத்தில் ஒரு கோடி ரூபாயாக இருந்த குறைந்தபட்ச மதிப்பு 2018இல் 3 இலட்சமாக இறங்கியது. அவசரத் தடை வேண்டாத வழக்காயின், முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும். இது கட்டாயமே என 2022இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. எதிர்வாதம் தாக்கல் செய்ய 30 நாள். காரணம் காட்டினாலும் 120 நாளுக்குமேல் ஒரு நாளும் கிடையாது. தமக்கு ஆதரவான தாளை மட்டும் நீட்டவும் இயலாது. வழக்கைப் பற்றித் தம்மிடமுள்ள ஆவணம் அனைத்தையும், தமக்கு எதிரானதையும் சேர்த்து, வெளியிட வேண்டும்.

சோதனைத் தாள் எதிரியின் பெட்டியில் முடங்கிக் கிடந்த காலத்தை இவ்விதி மாற்றுகிறது. 2024 சூலை முதல் நடப்பிலுள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 39ஆம் பிரிவு வல்லுநர் கருத்தை மன்றம் ஏற்க வழி செய்கிறது. நேரில் ஆய்ந்து அறிய வேண்டிய அறிவியல் செய்தியாயின், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26ஆம் ஆணை 10அ விதிப்படி மன்றமே ஆணையரை அமர்த்தலாம்.

குறுக்கு விசாரணையில் நல்ல வழக்குரைஞர் கேட்கும் வினாக்கள் எளியவை. துளை இட்ட இடம் வரைபடத்தில் எது? பையைத் தைத்தவர் யார்? இரவு அது எங்கே இருந்தது? பொன்னே இல்லாத வெற்று மாதிரியை இடையில் செருகினீர்களா? அதில் என்ன எண் வந்தது? வெற்று மாதிரியில் பொன் 'தெரிந்தால்' ஆய்வுக்கூடத்தின் தாள் முழுவதும் ஐயத்துக்குரியது. இவ்வொரு வினா நூறு பக்க வாதத்துக்கு நிகர்.

இவ்வினாக்களை உரிய காலத்தில் கேளாமையின் விளைவை உலகம் 1997இல் கண்டது. கனடாவின் பிரெ-எக்சு நிறுவனம் இந்தோனேசியாவின் புசாங் காட்டில் பெரும் பொன்வளம் கண்டதாக அறிவிக்க, அதன் பங்கு மதிப்பு 600 கோடி கனடா டாலரைக் கடந்தது. வேறொரு நிறுவனம் அதே இடத்தருகே தானே துளையிட்டுப் பார்த்தபோது பொன் இல்லை. தனி ஆய்வில் கூறுகளில் ஆற்றுப் பொன்னைத் தூவியிருந்தது வெளிப்பட்டது. ஆற்றில் உருண்ட பொன்மணியின் முனை மழுங்கியிருக்கும். பாறையிலிருந்து வந்த பொன் அவ்வாறு இராது. பொன்மணிகளின் வடிவே சான்றாயிற்று. பின்னர்ப் பங்குதாரர் தொடுத்த வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன.

தங்கவயலின் வழக்கு

இங்குள்ள சுரங்கங்களை 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் ஏற்றது. 1956இல் அவை மைசூர் அரசுக்கும், 1962இல் நடுவண் அரசுக்கும் சென்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. நூற்றிருபது ஆண்டுகளில் எடுத்த பொன் ஏறத்தாழ 800 டன். நலிந்த தொழில்களுக்கான வாரியத்தின் முன் 1992இல் சென்ற நிறுவனம் 2001இல் மூடப்பட்டது. மூடல் சரியா, தொழிலாளர் கூட்டாக ஏற்று நடத்தலாமா, உலக ஏலம் விடலாமா என்று வழக்குகள் மேலேறின. 2013இல் உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோர உச்ச நீதிமன்றம் வழிவிட்டது.

மேட்டு மண்ணுக்கும் சட்டத்தில் ஓர் இருப்பு உண்டு. குத்தகை நிலத்துக்கு வெளியே கழிவாகக் கொட்டும் வரையில் அதற்கு உரிமத்தொகை இல்லை. பின்னொரு நாள் அதே மண்ணை விற்றாலோ பயன்படுத்தினாலோ உரிமத்தொகை உண்டு. 2016வரை நடப்பிலிருந்த 1960ஆம் ஆண்டுக் கனிமச் சலுகை விதிகளில் பின்னர்ச் சேர்த்த 64இ விதி இதனைக் கூறியது. நேற்றுக் குப்பை என்று எறிந்தது, விலை ஏறியதும் செல்வமாகிறது. விலை ஏறிய இடத்தில் வழக்குரைஞர்க்கும் வேலை உண்டு.

மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் புறப்படும் தொடர்வண்டி, வேலை தேடுவோரையும் வேலை பெற்றோரையும் ஏற்றிக்கொண்டு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்குச் செல்கிறது. தங்கவயலிலேயே கெங்கல் அனுமந்தையா சட்டக்கல்லூரியும் இருக்கிறது. பட்டம் பெற்று, வழக்குரைஞர் கழகத்தில் பதிந்து, அனைத்திந்திய வழக்குரைஞர் தேர்வை வென்று, மூத்தவர் ஒருவரிடம் சில ஆண்டு கட்டுச் சுமந்தபின்னரே தொழில் பிடிபடும். வணிக வழக்கை விரும்பும் இளைஞர் கணக்கேட்டையும் சோதனைத் தாளையும் படிக்கப் பழக வேண்டும். காப்புரிமை வழக்குகளில் புகழ்பெற்ற வழக்குரைஞர் பிளெட்சர் மோல்டன் 1868இல் கேம்பிரிட்சில் கணிதத்தில் முதலிடம் பெற்றவர் என்பது நினைக்கத்தக்கது. சுரங்கத்தொழிலாளர் லைன் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. டன் என்றால் என்ன, கிராம் என்றால் என்ன என்பதைத் தாத்தனின் முதுகெலும்பு அவருக்குச் சொல்லித் தந்திருக்கும்.

ஒன்று மட்டும் இவ்வளவையில் விடுபட்டு நிற்கிறது. 21 மைக்ரோகிராம் பொன்னுக்கு முத்திரையிட்ட மூன்று பொட்டலங்கள் உண்டு. காற்றோடு முற்றத்தில் வந்து படியும் துகளுக்கு ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை. அதனை மூச்சோடு இழுப்போர் வணிக வழக்கில் வாதியுமல்லர், பிரதிவாதியுமல்லர். அவர்களுக்கென்று 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த பசுமைத் தீர்ப்பாயம் உண்டு. அங்கும் வெறும் முறையீடு போதாது. எந்த முற்றம், எந்த நாள், எவ்வளவு துகள், பையைத் தைத்தவர் யார் என்றே கேட்பர். பொன்னுக்காகக் கற்ற வினாக்கள் அவையே. மேட்டின் அடியில் வாழ்வோர் பக்கம் நின்று அந்த முதற்பையைத் தைக்க ஒருவர் வேண்டும்.