ஊர்ப் பெயரும் சம்பள ஆட்டமும்

கீரியிலும் அதனைச் சூழ்ந்த மன்னார்த் தீவின் ஊர்களிலும் மாலை வேளையில் இளைஞர் கூடினால் அங்கே பெரும்பாலும் உருள்வது உதைபந்துதான். அணிகளுக்குப் புனிதர்களின் திருநாமங்களைச் சூட்டி, வெளிநாட்டு உறவினர் அனுப்பும் பணத்தில் சீருடை வாங்கி, தோற்றுவிட்டால் இரண்டு நாள் முகம் வாடித் திரியும் இந்தக் கரையோரத்தில், விளையாடுவதற்காக ஒருவனுக்குச் சம்பளம் கொடுப்பது என்னும் ஏற்பாடு இன்னும் வேற்றுலக விஷயமாகவே இருந்துவருகிறது. சம்பளம் பெற்று ஆடும் அணியொன்று ஒரு நகரத்துக்கு எவ்வாறு உரியதாகிறது என்று விசாரிக்கப் புகுந்தால், ஆதியில் அது நடந்த இடத்துக்கு, அதாவது கடல் கடந்து வெகுதூரம், போகவேண்டியிருக்கிறது.

ஐக்கிய அமெரிக்காவில் ஒஹாயோ நதிக்கரையில் அமைந்த சின்சினாட்டி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பன்றி இறைச்சி வியாபாரத்துக்குப் பேர்போன நகரம். அந்நாட்டு ஜனங்கள் அபிமானிக்கும் பேஸ்போல், நம்முடைய கிரிக்கெட்டைப் போலவே மட்டையாலும் பந்தாலும் ஆடப்படுவதாயினும், பக்கத்துக்கு ஒன்பது பேர் என்பதும், ஓடுவதற்கு நான்கு மூலைகள் உண்டு என்பதும், மூன்று முறை அடி தவறினால் அடிப்பவர் வெளியேறவேண்டும் என்பதும் அதன் விசேஷங்கள். 1860களின் பிற்பகுதிவரை அதனை ஆடியவர்கள் பொழுதுபோக்குக்காக ஆடும் கனவான்கள் என்றே சொல்லிக்கொண்டார்கள். மறைவில் பணம் கைமாறியது எல்லோருக்கும் தெரிந்த இரகசியம். அந்தப் பாசாங்கைக் களைந்தெறிந்தவர் ஹாரி ரைட். இங்கிலாந்தில் பிறந்து, கிரிக்கெட் ஆடுவதற்காகவே சின்சினாட்டிக்கு வரவழைக்கப்பட்ட இந்த மனிதர், 1869ஆம் ஆண்டில், தம்மையும் சேர்த்துப் பத்துப் பேருக்குப் பகிரங்கமாகச் சம்பளம் பேசி, ‘ரெட் ஸ்டொக்கிங்ஸ்’ என்னும் அணியை நிலைநிறுத்தினார். அவருடைய தம்பி ஜோர்ஜுக்கு அந்தப் பருவத்துக்கு 1,400 டொலர். அணியிலேயே அதிகமான வேதனம் அதுதான். அந்தப் பதின்மரில் சின்சினாட்டியைச் சொந்த ஊராகக் கொண்டவர் சார்லி கூல்ட் ஒருவரே என்பதைக் கவனிக்கவேண்டும்.

அவ்வாண்டில் 57 ஆட்டங்களில் வெற்றிபெற்று, ஒன்றிலேனும் தோல்வியுறாமல், அப்பொழுதுதான் கண்டத்தின் குறுக்கே போட்டு முடிக்கப்பட்டிருந்த புகையிரதப் பாதையில் சான் பிரான்சிஸ்கோ வரை பிரயாணம் செய்து மீண்ட அந்த அந்நியர்களை, நகரத்தார் தங்கள் பிள்ளைகளாகவே கொண்டாடினார்கள். ஆனால் 1870 ஜூனில் புரூக்ளினில் முதல் தோல்வி கிட்டியதும் அபிமானம் ஆறத் தொடங்கிற்று. வரவு குறைந்து செலவு மிகுந்ததைக் கண்ட நிர்வாகிகள், அடுத்த ஆண்டு சம்பளக்காரர் வேண்டாம் என்று தீர்மானித்தார்கள். ஹாரி ரைட் சில ஆட்டக்காரரை மட்டுமன்றி அணியின் பெயரையுமே பொஸ்டன் நகரத்துக்குக் கொண்டுபோய்விட்டார். பிற்பாடு நேஷனல் லீக்கில் இடம்பெற்ற வேறொரு சின்சினாட்டி அணி, மைதானத்தில் பியர் விற்றதற்காகவும் ஞாயிற்றுக்கிழமையில் அதனை வாடகைக்கு விட்டதற்காகவும் 1880இல் வெளியேற்றப்பட்டது. இன்றைய ‘ரெட்ஸ்’ 1882இல் ஆடத் தொடங்கிய கழகம். 1935 மே மாதத்தில், ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகையிலிருந்தபடியே பொத்தானை அழுத்த, மின்னொளியில் முதன்முதலாகப் பெரிய லீக் ஆட்டமொன்று நடைபெற்றதும் இந்த நகரத்திலேதான்.

இனி நம் வடபுலத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்தின் கிரிக்கெட் மோகம் நேற்று முளைத்ததன்று. மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையிலான ‘வடக்கின் பெரும் சமர்’ 1904ஆம் ஆண்டில் ஆரம்பமானது. ஆயினும் அந்நகரின் பெயரைத் தாங்கிய சம்பள அணி, 2020 நவம்பரில் தொடங்கிய லங்கா பிரீமியர் லீக்கோடுதான் பிறந்தது. ‘ஜப்னா ஸ்டாலியன்ஸ்’ என்ற அந்த அணி, கொள்ளைநோயின் காரணத்தால் பார்வையாளரின்றி அம்பாந்தோட்டையிலேயே எல்லா ஆட்டங்களையும் ஆடி, டிசம்பர் 16ஆம் திகதி காலி அணியை 53 ஓட்டங்களால் வென்று கிண்ணத்தைப் பெற்றது. தலைவர் திசர பெரேரா. பக்கத்துணையாக நின்றவர்களுள் ஒருவர் பாகிஸ்தானின் சொயிப் மலிக். மறுவருடமே லைக்கா நிறுவனம் உரிமையைப் பெற, பெயர் ‘ஜப்னா கிங்ஸ்’ என்றாயிற்று. 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளிலும் கிண்ணம் அந்தப் பெயருக்கே போயிற்று. ஐந்து பருவங்களில் நான்கு.

இந்த அணியில் யாழ்ப்பாணத்தார் எத்தனை பேர் என்று கேட்டுக் குறைப்படுவோர் உண்டு. அந்தக் குறையில் பாதியைத்தான் நான் ஒப்புவேன். மத்திய கல்லூரியின் மாணவரான விஜயகாந்த் வியாஸ்காந்த், பத்தொன்பது வயது நிரம்புவதற்கு முந்திய தினத்தில் ஸ்டாலியன்ஸுக்காகக் களமிறங்கி, தம் சுழற்பந்தினால் ஏஞ்சலோ மெத்யூஸை வீழ்த்தியதும், 2024 மே மாதத்தில் ஹைதராபாத் அணிக்காக ஐபிஎல் போட்டியில் பந்துவீசியதும், அந்த அணி அமையாதிருந்தால் நிகழ்ந்திருக்குமா என்பது சந்தேகமே. சின்சினாட்டியிலும் உள்ளூரான் ஒருவன்தான் இருந்தான். ஆனால் அவனுடைய ஊரார் மைதானத்து வேலியோரம் நின்று அவனைக் கண்ணாரக் கண்டார்கள். ஜப்னா கிங்ஸோ, அந்த ஐந்து பருவங்களில், யாழ்ப்பாண மண்ணில் ஓர் ஆட்டமேனும் ஆடவில்லை. அம்பாந்தோட்டை, கொழும்பு, கண்டி, தம்புள்ளை என்று பிறர் வீட்டு முற்றத்திலேயே ஆடி வென்று, வெற்றியைத் தொலைக்காட்சி வழியாக ஊருக்கு அனுப்பிய அணி அது. அன்னியர் மிகுந்த அணியை ஊர் ஏற்றுக்கொள்ளும். கண்ணில் படாத அணியிடம் அபிமானம் எத்தனை நாள் தங்கும்?

மன்னாருக்கு இந்த அளவுகூட வாய்க்கவில்லை. நம் மண்ணின் டக்சன் பியுஸ்லஸ், தேசிய உதைபந்தாட்ட அணியில் இடம்பிடித்த பின்னும், தொழில்முறை ஆட்டத்துக்கு மாலைதீவின் வலென்சியா கழகத்தையே நாடிச் சென்றிருந்தார். 2022 பெப்ரவரியில் இளவயதில் அங்கேயே காலமானார்.

2025 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க, யாழ்ப்பாணத்தை அடுத்த மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார். அது கட்டி முடிந்ததும் அயல்நாட்டு அணிகளை வரவேற்பதற்கு முன்னால், ஜப்னாவின் ஆட்டங்கள் இரண்டையேனும் அங்கே வைப்பதுதான் முறை. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்ததிலிருந்து பூநகரி வழியாக யாழ்ப்பாணம் எங்களுக்குக் கிட்டத்தான் இருக்கிறது. நுழைவுச்சீட்டு ஒரு மீனவனின் இரண்டு நாள் வருமானத்தை விழுங்காதிருந்தால், உதைபந்துக்காரராகிய நாங்களும் பஸ் ஏறி வருவோம்.