உங்களுக்குத் தெரியுமா? இலையுதிர் காலத்தில் ஏரியே புரளும்!

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அக்டோபர், நவம்பர் வந்தால் நண்பர்கள் படகோடு ஏரிக்குக் கிளம்பிவிடுவார்கள், பாஸ் மீன் பிடிக்க. அப்போது நீருக்குள் நடப்பது ஓர் அற்புதம். ஆழமான ஏரிகளில் கோடை முழுக்க வெதுவெதுப்பான நீர் மேலேயும் குளிர்ந்த நீர் அடியிலும் கலக்காமல் கிடக்கும். ஆழத்தில் ஆக்சிஜன் குறைந்துபோகும். குளிர் தொடங்கியதும் மேல்நீர் ஆறி, கனத்து, கீழே இறங்கும். காற்றும் சேர்ந்துகொள்ள, ஏரி முழுவதும் கலந்துவிடும். நீர் கலங்கி, சில சமயம் கந்தக வாடைகூட அடிக்கும். மீன்கள் சிதறிவிடுவதால், தேர்ந்தவர்களுக்கே அந்த நாட்களில் தூண்டில் அசையாது.

பிறகுதான் கொண்டாட்டம்! ‘ஷாட்’ என்ற சிறுமீன்கள் கூட்டமாக ஏரியின் ஓடைப் பகுதிகளுக்குள் நுழைய, பாஸ் துரத்திக்கொண்டே வரும். நீர் கொதிப்பதுபோல் தெரியும் இடத்தில் தூண்டிலை வீச வேண்டியதுதான். படகின் முன்னால் நிற்பவர் சத்தமில்லாத மின் மோட்டாரைக் காலால் இயக்குவார். பின்னால் நிற்கும் நண்பருக்கும் நல்ல இடம் கிடைக்கும்படி படகைத் திருப்புபவரே நல்ல துணை.

1932இல் ஜார்ஜியாவில் 22 பவுண்டு 4 அவுன்ஸ் எடையுள்ள பாஸைப் பிடித்து உலக சாதனை படைத்த ஜார்ஜ் பெர்ரியும் அன்று நண்பரோடுதான் மீன்பிடிக்கப் போயிருந்தார். அந்தச் சாதனையை 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா சமன் செய்தார்.