மேலே போகும் முன்பே தராசைச் சரிபார்க்க வேண்டும்!



புகைமூட்டம் சூழ்ந்துவிட்டால் எங்கள் ஈப்போ சிலிபினில் சுண்ணாம்புக் குன்றுகள்கூடக் கண்ணுக்குத் தெரியாது. அந்த நாட்களில், "சுமத்ராவில் இத்தனை வெப்பப் புள்ளிகள்" என்று நானும் நிகழ்ச்சியில் சொல்லியிருக்கிறேன். அண்மையில் எங்கள் கருத்துக்களத்தில் ஒரு பெரியவர் கேட்டார்: "அவ்வளவு உயரத்துல இருந்து ஒரு கேமரா சொல்றத எப்படிம்மா நம்புறது?" அன்று நேரம் போதவில்லை. இதோ விளக்கம்.

என் பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கொண்டுவந்த பாலை நிறுத்து, அதில் ரப்பர் எவ்வளவு என்று ஒரு மிதவைக் கருவியை விட்டுப் பார்த்துத்தான் கூலி எழுதுவார்கள். "தராசு பொய் சொன்னா கூலியும் பொய்தான்" என்பார் பாட்டி. துணைக்கோளக் கேமராவும் ஒரு தராசுதான். அது நிறுப்பது ஒளியையும் வெப்பத்தையும்.

வெப்பப் புள்ளிகளைப் பல ஆண்டுகள் காட்டித் தந்தது 'மோடிஸ்' என்ற கருவி. 1999 டிசம்பரில் டெர்ரா, 2002 மே மாதத்தில் அக்வா ஆகிய அமெரிக்கத் துணைக்கோளங்களில் அது சென்றது. உயரம் 705 கிலோமீட்டர். உண்மையில் அது அனுப்பியது வெறும் எண்களை. 0 முதல் 4095 வரை. எந்த எண் எவ்வளவு வெப்பம் என்பதைப் புறப்படும் முன்பே பூமியில் தீர்மானித்துவிட வேண்டும். இதைத்தான் அளவுத்திருத்தம் என்கிறோம்.

எப்படிச் செய்கிறார்கள்? உட்புறம் முழுவதும் வெள்ளை பூசிய பெரிய கோளம் ஒன்றுக்குள் விளக்குகளை எரியவிடுவார்கள். ஒளி உள்ளேயே பல முறை சிதறி, ஒரு துளை வழியே எல்லாப் பக்கமும் ஒரே சீராக வெளிவரும். அந்த ஒளியின் அளவு தேசிய அளவியல் கூடத்தின் தரத்தோடு ஒப்பிடப்பட்டது. கேமரா அதைப் பார்க்கும். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்து, ஒவ்வொரு நிலையிலும் வரும் எண்ணைக் குறிப்பார்கள். கேமராவில் உள்ள உணரிகள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. அந்த வித்தியாசத்தைச் சரிசெய்யாவிட்டால் படம் முழுக்கக் கோடு கோடாக விழும்.

வெப்பத்துக்கு வேறு சோதனை. காற்றை வெளியேற்றிய அறைக்குள் கருவியை வைத்து, வெப்பநிலை துல்லியமாகத் தெரிந்த கருந்தகடு ஒன்றைப் பார்க்கச் செய்வார்கள். 4 மைக்ரோமீட்டரை ஒட்டிய அலையில் ஒரு வெப்பநிலை, 11 மைக்ரோமீட்டரை ஒட்டிய அலையில் இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள இடைவெளியை வைத்துத்தான் தீ கண்டுபிடிக்கப்படுகிறது. அளவு பிசகினால் வெயிலில் காய்ந்த நிலமும் தீயாகத் தெரியலாம். உண்மையான தீ மறைந்தும் போகலாம்.

சோதிக்கும் கருவியே தவறாக இருந்தால்? 1990ல் ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கியே சாட்சி. அதன் கண்ணாடியைச் சோதித்த கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் விலகியிருந்தது. வேறு சோதனைகள் பிழையைக் காட்டியும் பொருட்படுத்தப்படவில்லை. வானத்துப் படங்கள் மங்கலாக வந்தன. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் நேரில் சென்று சரிசெய்தார்கள்.

பூமியைப் பார்க்கும் கேமராக்களுக்கு அந்த வசதி பொதுவாகக் கிடைப்பதில்லை. நமது 'ராசாக்சாட்' 2009 ஜூலை 14ஆம் நாள் ஏவப்பட்டது. 2.5 மீட்டர் அளவு வரை பிரித்துக் காட்டும் கேமரா அதில் இருந்தது. ஏறத்தாழ ஓராண்டுதான் இயங்கியது. 685 கிலோமீட்டர் உயரத்துக்கு யார் போய்ப் பழுதுபார்ப்பது?

மேலே போன பிறகும் சோதனை உண்டு. மோடிஸ் நிலவைப் பார்த்துத் தன்னைச் சரிபார்த்துக்கொண்டது. தன்னுடன் கொண்டுபோன தகட்டில் விழும் சூரிய ஒளியையும் பார்த்தது. ஆனால் அந்தத் தகடும் வெயிலில் நாளடைவில் மங்கும். எவ்வளவு மங்கியது என்று கணக்கிடவும் பூமியில் எடுத்த முதல் அளவுதான் அடிப்படை.

2005 ஆகஸ்ட் 11ல் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் புகைமூட்ட அவசரகாலம் அறிவிக்கப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். தீ எங்கே, அது யாருடைய நிலம் என்ற கேள்விகளுக்கு நாடுகள் எடுத்து வைக்கும் சாட்சி இந்த எண்கள்தான்.

எனவே, ஐயா, கேமராவைக் கண்மூடி நம்ப வேண்டாம். புறப்படும் முன் அதை எந்தத் தராசில் நிறுத்தார்கள் என்று கேளுங்கள். என் பாட்டியும் அதைத்தான் கேட்டிருப்பார்.