வீட்டுக்குள் ஒரு கடல்

நுழையும்முன்

மும்பையின் மெரைன் டிரைவ் சாலையில் தாராபூர்வாலா மீன் காட்சியகம் 1951ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பார்சி வள்ளல் ஒருவரின் நன்கொடையால் எழுந்த அதனைத் திறந்துவைத்தவர் நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத். பவளப்பாறை மீன்களைக் கண்ணாடிக்குள் காண்போர் பலருக்கும் அத்தகைய தொட்டி ஒன்றை வீட்டில் அமைக்கும் ஆசை பிறக்கும். அத்தொட்டி எவ்வளவு நீளமும் அகலமும் உயரமும் உடையதாக இருக்க வேண்டும்? இப்பாடம் அதனை விளக்குகிறது.

பெரிய தொட்டி ஏன்?

ஒரு கைப்பிடி உப்பைக் குவளை நீரில் இட்டால் நீர் வாயில் வைக்க முடியாதபடி கரிக்கும். அதே உப்பைக் குடத்து நீரில் இட்டால் சுவை அவ்வளவாக மாறாது. தொட்டிக்கும் இது பொருந்தும். கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. வெயிலில் நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆகவே நீர் குறையக் குறைய உப்பின் செறிவு கூடும். சிறிய தொட்டியில் இம்மாற்றம் விரைவில் நிகழ்ந்து உயிர்களை வாட்டும். பெரிய தொட்டியில் அது மெல்ல நிகழ்வதால் தவற்றைத் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும்.

ஒரே கொள்ளளவு, இரு வடிவங்கள்

120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் உடைய தொட்டி ஒன்று. 60 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 120 செ.மீ. உயரம் உடைய தொட்டி மற்றொன்று. இரண்டும் கொள்வது 432 லிட்டர் நீரே. எனினும் இரண்டும் ஒன்றல்ல.

முதலாவது, காற்று. உயிர்வளி நீரில் கலப்பது மேற்பரப்பின் வழியாக. நீண்ட தொட்டியின் நீர்ப்பரப்பு 7200 சதுர செ.மீ.; நெட்டைத் தொட்டியின் நீர்ப்பரப்பு அதில் பாதியே.

இரண்டாவது, ஒளி. நீருக்குள் ஆழம் செல்லச் செல்ல ஒளி மங்கும். பவள உயிரியின் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளியைக் கொண்டே உணவு சமைக்கின்றன. எனவே ஆழமான தொட்டிக்கு வலிய விளக்குகளும் மிகுந்த மின்செலவும் தேவைப்படும்.

மூன்றாவது, அழுத்தம். கண்ணாடியின்மீது நீர் தரும் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது, நீளத்தைப் பொறுத்ததன்று. நெட்டைத் தொட்டியின் அடியில் அழுத்தம் இருமடங்காகும். ஆகவே தடித்த கண்ணாடி வேண்டும்.

நான்காவது, கை. வளர்ந்தவர் ஒருவரின் கை ஏறத்தாழ 60 செ.மீ. ஆழம் வரையே எட்டும். அடியைத் தொட முடியாத தொட்டியைத் தூய்மை செய்வது எவ்வாறு?

ஆகவே உயரத்தைக் கூட்டுவதைவிட நீளத்தையும் அகலத்தையும் கூட்டுவதே அறிவுடைமை. மீன் நீந்த நீளம் வேண்டும். பாறையை அடுக்க அகலம் வேண்டும். நீர் சுழலவும் கண்ணாடியைத் துடைக்கவும் முன்னும் பின்னும் 10 செ.மீ. விட்டால், 60 செ.மீ. அகலத்தில் பாறைக்கு 40 செ.மீ. எஞ்சும். 30 செ.மீ. அகலத்தில் எஞ்சுவதோ 10 செ.மீ. மட்டுமே.

தளம் தாங்குமா?

ஒரு லிட்டர் கடல்நீரின் எடை ஏறத்தாழ 1.025 கிலோ. அதன்படி 432 லிட்டரின் எடை ஏறத்தாழ 443 கிலோ. கண்ணாடி, மணல், பாறை, தாங்குமேசை ஆகியவை சேர்ந்தால் அது 500 கிலோவைக் கடந்துவிடும். எட்டுப் பேர் ஒரு சிறு மேசையளவு இடத்தில் இரவும் பகலும் அசையாமல் நிற்பதற்கு இது ஒப்பாகும்.

குடியிருப்பு அறைகளின் தளத்தைக் கட்டும்போது, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ சுமை எனக் கணக்கிடுவது இந்தியத் தரநிலை. இத்தொட்டி அமரும் இடமோ 0.72 சதுர மீட்டர். நீர் மட்டுமே சதுர மீட்டருக்கு 615 கிலோ என்னும் கணக்கில் அழுத்துகிறது. அறை முழுவதும் இச்சுமை பரவியிருக்காது என்பதால் தளம் உடனே இடிந்துவிடும் என்று பொருளில்லை. எனினும் மாட்டுங்காவின் பழைய கட்டடமானாலும் செம்பூரின் அடுக்ககமானாலும் கட்டடப் பொறியாளரைக் கேளாமல் பெருந்தொட்டியை வைத்தல் கூடாது. கீழ்வீட்டில் உறங்குவோரின் பாதுகாப்பும் இதில் அடங்கியுள்ளது. தாராவியின் ஏணிப்படி வீடு போன்ற இடங்களில் தொட்டி உள்ளே நுழையுமா என்பதையும் முதலில் அளந்து பார்க்க வேண்டும்.

பவளம் யாருக்கு உரியது?

தமிழகத்தின் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உள்ளன. அவற்றைச் சூழ்ந்து பவளப்பாறைகள் வளர்ந்துள்ளன. முற்காலத்தில் சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் அவை வெட்டியெடுக்கப்பட்டன. 1986ஆம் ஆண்டு அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டு பாறை அமைக்கும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள காப்பு அவற்றிற்கும் உண்டு. ஆகவே கடற்பவளத்தைப் பெயர்த்து வீட்டில் வளர்த்தல் குற்றமாகும்.

வீட்டுத் தொட்டியில் செயற்கைப் பாறைகளை அடுக்கலாம். பண்ணையில் பிறந்த கோமாளி மீன்களை வளர்க்கலாம். அவற்றைப் பண்ணையில் பெருக்கும் முறையை மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலார் உருவாக்கியுள்ளனர்.

'ஆழம் அறியாமல் காலை விடாதே' என்பது பழமொழி. தொட்டி வாங்குவோர் ஆழத்தோடு நீளம், அகலம், எடை ஆகியவற்றையும் அறிந்தே அடியெடுத்து வைத்தல் வேண்டும்.

சொல்லும் பொருளும்

உயிர்வளி – ஆக்சிஜன்
கொள்ளளவு – ஒரு கலம் கொள்ளும் அளவு
அடுக்ககம் – பல மாடிக் குடியிருப்பு

பயிற்சி

1. நெட்டைத் தொட்டியைவிட நீண்ட தொட்டி சிறந்தது என்பதற்கு மூன்று காரணங்கள் எழுதுக.
2. 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் உடைய தொட்டியின் கொள்ளளவையும் அதிலுள்ள கடல்நீரின் எடையையும் கணக்கிடுக. (1000 கன செ.மீ. = 1 லிட்டர்)
3. 'அகலக்கால் வைத்தல்' என்னும் மரபுத்தொடரின் பொருளை வீட்டில் பெரியோரிடம் கேட்டறிந்து சொற்றொடரில் அமைத்து எழுதுக.