எல்லாரும் ஏசிய வீராங்கனை

தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய நாட்களை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வில்லன் தலை தெரிந்ததும் பாட்டிமார்கள் வாய்விட்டு ஏசுவார்கள். அந்த வில்லன் இல்லையென்றால் கதாநாயகனுக்கு அங்கே என்ன வேலை? அதை மட்டும் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை!

விளையாட்டுத் துறையிலும் இப்படி ஏச்சு வாங்கியே வாழ்ந்த பெண்மணி ஒருவர் இருந்தார். அமெரிக்காவைச் சேர்ந்த ஆன் கல்வெல்லோ என்பது அவர் பெயர். அவர் ஆடியது ‘ரோலர் டெர்பி’ என்னும் சறுக்கு விளையாட்டு.

1935-ஆம் ஆண்டு சிக்காகோ நகரில் லியோ செல்ட்சர் என்பவர் இதைத் தொடங்கினார். முதலில் இது வெறும் நெடுந்தூரப் பந்தயம்தான். சில ஆண்டுகளில் மோதல் ஆட்டமாக மாறியது. வெளி ஓரம் உயர்ந்து உள்பக்கம் சரிந்த பாதையில், காலில் சக்கரக் காலணியுடன் குழுவுக்கு ஐந்து பேர் ஓடுவார்கள். எதிர்க்குழுவினரை முந்திச் சென்றால் புள்ளி. முந்த விடாமல் தோளாலும் இடுப்பாலும் இடித்துத் தள்ளுவார்கள். விழுந்தவர் எழுந்து ஓட வேண்டியதுதான்!

இன்னொரு சிறப்பும் உண்டு. ஒரே குழுவில் ஆண்களும் இருப்பார்கள், பெண்களும் இருப்பார்கள். ஒரு சுற்றில் பெண்கள் பெண்களோடு மோதுவார்கள். அடுத்த சுற்று ஆண்களுக்கு. இரு சாராருக்கும் விதி ஒன்றே. பெண்கள் எடுத்த புள்ளியும் ஆண்கள் எடுத்த புள்ளியும் ஒரே கணக்கில் சேரும். மற்ற விளையாட்டுகளில் பெண்களை ஓரத்தில் நிறுத்தியிருந்த காலம் அது!

1929-இல் பிறந்த கல்வெல்லோ, 1948-இல் இந்த ஆட்டத்தில் சேர்ந்தார். அதே ஆண்டில்தான் தொலைக்காட்சியும் இதை வீடுகளுக்குள் கொண்டு வந்தது. பிற்காலத்தில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்து ரசிகர்கள் ஜோன் வெஸ்டன் என்ற பொன்னிறக் கூந்தல் வீராங்கனையைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். கல்வெல்லோவோ எதிரணிச் சட்டை போட்டு வருவார். தலைமுடிக்கு இன்று பச்சை, நாளை ஊதா என்று சாயம் பூசியிருப்பார். அவரைக் கண்டதும் கூட்டம் கூச்சல் போடும். அவர் விழுவதைப் பார்க்கவே காசு கொடுத்து வந்தவர்கள் பலர். அவர்கள் கூச்சல் போட்டால்தான் தம் வேலை நன்றாக நடந்தது என்று அவருக்குப் பொருள்!

அந்த வேலைக்கு அவர் உடம்பு கொடுத்த விலை கொஞ்சமல்ல. மூக்கு மட்டுமே பத்துத் தடவைக்கு மேல் உடைந்தது.

1973-இல் செல்ட்சர் குடும்பம் ஆட்டத்தை நிறுத்திவிட்டது. அப்போது கல்வெல்லோவுக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. அவர் காலணியைக் கழற்றி மாட்டவில்லை. யார் எங்கே மறுபடி ஆட்டம் நடத்தினாலும் போய்ச் சேர்ந்துகொண்டார். எழுபது வயதிலும் பாதையில் இறங்கினார்! ஆனால் வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்தார் தெரியுமா? ஒரு பேரங்காடியில் வாடிக்கையாளர் வாங்கும் சாமான்களைப் பையில் போட்டுக் கொடுத்தார். ஆயிரக்கணக்கானோர் பார்த்துக் கூச்சலிட்ட அதே பெண்மணி!

2001-இல் அவர் வாழ்க்கையைப் பற்றி ஓர் ஆவணப்படம் வந்தது. 2006 மார்ச்சில், 76-ஆவது வயதில் காலமானார். அவரது கடைசி ஆண்டுகளில் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரப் பெண்கள் இந்த ஆட்டத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். இன்று பல நாடுகளில் பெண்கள் தாங்களே சங்கம் வைத்து ஆடுகிறார்கள். தலைக்கு வண்ணம் பூசி, முழங்கால் சிராய்ப்போடு சிரிக்கும் அந்தப் பெண்களிடம் கல்வெல்லோவின் சாயல் தெரிகிறது.

பள்ளி ஆண்டு விழா நாடகத்துக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் தலைவலிதான். எல்லாருக்கும் இராமர் வேடம் வேண்டும். “சார், அரக்கன் வேடம் மட்டும் வேண்டாம்” என்று பிள்ளைகள் ஓடி ஒளிவார்கள். கடைசியில் ஒரு பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு ஒத்துக்கொள்ளும். அந்தப் பிள்ளை இல்லாமல் நாடகமே இல்லை.

பெற்றோர்களே, அடுத்த விழாவில் அரக்கனாக வரும் பிள்ளைக்கும் பலமாகக் கைதட்டுங்கள். கல்வெல்லோவுக்குக் கிடைக்காத கைதட்டல் அந்தப் பிள்ளைக்காவது கிடைக்கட்டும்!